ஆறு மைல் சுற்று

கல்யாணமாகி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியும் என் வீட்டுக்காரர் என்னை ஒரு தடவைகூடப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இந்தா" என்பார். அவருடைய அம்மா, என் அத்தை, பக்கத்தில் இருந்தால் அதுவும் கிடையாது. "தண்ணி வேணுமே" என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். நான்தான் கொண்டுபோய்க் கொடுப்பேன், சுவர் கொடுக்காது என்பதால். அருப்புக்கோட்டையில் எங்கள் நெசவுத் தெருவில் அநேகமாக எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். பெரியவர்கள் காதுபடப் பெண்டாட்டி பெயரைச் சொல்கிறவனை வெட்கம் கெட்டவன் என்பார்கள். கோயிலில் அர்ச்சனைக்குக்கூட மாமனார்தான் எல்லோர் பெயரையும் வரிசையாக ஒப்பிப்பார். என் பெயர் கடைசியில் வரும். சில சமயம் விட்டும் போகும்.

வழக்கம்தானே என்று நானும் விட்டிருப்பேன். குழாயடியில் ஒருத்தி வாயைத் திறந்ததுதான் வினையாகிவிட்டது. "ஒன் வீட்டுக்காரருக்கு மாமன் மகளத்தான் பேசி வச்சிருந்தாக. ரெண்டு குடும்பத்துக்கும் சண்டையாகி அத்துப்போச்சு. சின்னதுலேருந்து அந்தப் பேரச் சொல்லியே பழகுன வாயி. ஒன் பேரு எப்படி வரும்?" என்று சொல்லிவிட்டு, குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அவளுக்கு அது பொழுதுபோக்கு. எனக்கு அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் எந்தப் பெயர் வரப்போகிறதோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவரிடமே கேட்டிருக்கலாமே என்பீர்கள். எங்கே வைத்துக் கேட்பது? வீட்டில் எட்டுப் பேர். ஒரே கூடம், அதில் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்கிற இரண்டு குழித்தறி. மாமனார் ஒரு தறியில், இவர் ஒரு தறியில். நான் ராட்டையில் தார் சுற்றிக் கொடுப்பேன். தார் என்பது, தறியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற சின்ன நூல்குச்சி. சுற்றிய தாரைக் கூடையில் போட்டுத் தறிக்குப் பக்கத்தில் வைத்தால், காலியான குச்சிகள் அதே கூடையில் திரும்பி வரும். எங்களுக்குள் பகலில் இருந்த போக்குவரத்து அந்தக் கூடை மட்டும்தான்.

அதற்கு முன்னால், விடிகாலையில், தெருவில் பாவு வேலை இருக்கும். நூலைத் தெரு நீளத்துக்கு நீட்டிக் கஞ்சி போட்டு, அறுந்த இழைகளை முடிந்துகொண்டே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடக்க வேண்டும். போன தடத்திலேயே திரும்பி வர வேண்டும். மறுபடி போக வேண்டும். ஒரு நாள் எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. மூக்குக்கு மேல் கோபம் வருகிற ஜாதி நான். "ஆயுசு பூராவும் போன வழியிலயே திரும்பி வாரதுதான் நம்ம பொழப்பா? ஒரு நாளாச்சும் வந்த வழி தெரியாம நடந்து வீடு வந்து சேரணும்" என்று பக்கத்தில் இழை முடிந்துகொண்டிருந்தவரிடம் சொன்னேன். யாரோ என்று நினைத்துச் சொன்னேன். நிமிர்ந்து பார்த்தால் இவர். வழக்கம்போல அடுத்த இழையைத் தேடிப் போய்விட்டார்.

மத்தியானம் கூடையில் காலிக் குச்சிகளுக்கு நடுவே ஒரு துண்டுக் காகிதம் கிடந்தது. சேலைக் கரைக்கு டிசைன் போடுகிற கட்டம் போட்ட தாள். அதில் இப்படி எழுதியிருந்தது: "தாங்கள் ஒரே நாளில் எத்தனை மைல் நடக்க இயலும்? பதில் தேவை."

எங்கள் வீட்டில் பேச்சு தெலுங்கு, உங்களுக்காகத்தான் தமிழில் சொல்கிறேன். ஆனால் தெலுங்கில் எழுத எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. அவருக்குத் தெரிந்த எழுத்து, பள்ளிக்கூடத்தில் லீவு லெட்டர் எழுதிப் பழகிய தமிழ். அதனால்தான் இந்த மரியாதை. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ராட்டையை வேகமாகச் சுற்றி அதை மறைத்தேன். காகிதத்தின் பின்பக்கத்தில், "எங்கே என்று சொன்னால் எத்தனை மைல் என்று சொல்கிறேன்" என்று எழுதித் தாருக்கு அடியில் வைத்து அனுப்பினேன்.

மறுநாள் பதில் வந்தது. "திருச்சுழி போகும் சாலையில் இறங்கி உள்ளே போக வேண்டும். பழைய கற்களும் பாறைகளும் உள்ள இடம். போகும் வழி வேறு. வரும் வழி வேறு. நாம் இருவர் மட்டும்."

கடைசி வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல மாட்டேன்.

இப்படித்தான் அறுபதுகளின் கடைசியில், எங்கள் தெருவில் யாரும் கேள்விப்பட்டிராத ஒரு காரியத்துக்கு நாங்கள் திட்டம் போட ஆரம்பித்தோம். நடப்பதற்காகவே நடப்பது. திட்டம் போடவே மூன்று மாதம் ஆயிற்று. நூல் வாங்கப் பாளையம்பட்டிப் பக்கம் போகும்போதெல்லாம் அவர் டீக்கடையில் உட்கார்ந்து, பருத்தி வண்டி ஓட்டி வருகிற சம்சாரிகளிடம், அதாவது விவசாயிகளிடம், விசாரிப்பார். எந்த ஓடையில் தண்ணீர் கிடக்கும், எந்தப் பொத்தையில் நிழல் இருக்கும் என்று கேட்டு வந்து கட்டத்தாளில் குறிப்பார். பொத்தை என்றால் எங்கள் பக்கத்தில் சின்னப் பாறைக் குன்று. ஒரு கட்டம் ஒரு பர்லாங்கு. கண்மாய்க் கரை நீல மசி, பாறை சிவப்பு மசி. சேலைக் கரையில் மயிலும் அன்னமும் போடுகிற அதே கவனத்தோடு அவர் பனைமரம் போட்டார், குத்துக்கல் போட்டார். தாள் துண்டு துண்டாகக் கூடையில் வந்தது. நான் அவற்றைச் சோற்றுப்பசையால் ஒட்டி, என் டிரங்குப் பெட்டியில் கல்யாணச் சேலைக்கு அடியில் வைத்தேன்.

எத்தனை மைல் என்பதுதான் பெரிய சிக்கல். நாலு மைல் என்று வைத்தால் அத்தையும் கூட வருவேன் என்பார். அத்தையின் முழங்காலுக்கு நாலு மைல் தாங்கும், அது தெருவுக்கே தெரியும். எட்டு மைல் என்றால் நான் தாங்க மாட்டேன் என்று அவர் பயந்தார். தினமும் பாவில் நான் எத்தனை நடை நடக்கிறேன், தெரு எத்தனை கெஜம் என்று பெருக்கிப் பார்த்து, ஆறு மைல் என்று முடிவு கட்டினார். அத்தைக்கு எட்டாத தூரம், எனக்கு எட்டுகிற தூரம். அந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருந்தது. எங்கள் தெரு கூட்டிப் பெருக்கிச் சாணம் தெளித்த தெரு. முள் இருக்காது. நெசவுக்காரப் புத்திக்கு அது உறைக்கவில்லை.

நாள் குறித்ததும் நெசவுக்காரப் புத்திதான். அமாவாசைக்கு எங்கள் தறி ஓடாது. அன்று எல்லா வேலையும் நிற்கும். ஆகவே உலகமே நின்றுவிடும் என்று நினைத்துக்கொண்டோம். "மார்கழி அமாவாசை. வெயில் இராது. அங்கே ஆள் நடமாட்டமும் இராது" என்று எழுதினார்.

வீட்டில் என்ன சொல்வது என்பதை அவரே பார்த்துக்கொண்டார். சாப்பிடும்போது மாமனாரிடம், "புதுசா ஒரு கரை போடணும். அங்கிட்டுப் பழைய கல்லுல நல்ல வேலைப்பாடு இருக்காம். பாத்துட்டு வாரேன்" என்றார்.

"போயிட்டு வா" என்றார் மாமனார்.

"அவளும் வரட்டும். கட்டப்போறது பொம்பளைக. பொம்பளக் கண்ணு ஒண்ணு கூட இருந்தா நல்லது."

'அவளும்' என்று வந்ததே தவிர, அங்கேயும் என் பெயர் வரவில்லை.

அத்தை குழம்பு ஊற்றுவதை நிறுத்தினார். "அப்ப நானும் வாரேன். எனக்கும் கண்ணு இருக்கு."

"ஆறு மைலு நடக்கணும்மா."

அத்தை அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் முழங்காலைப் பார்த்தார். மறுபடி குழம்பை ஊற்றினார். ஆனால் அமாவாசையன்று காலையில் புளிச்சோறு கட்டிக் கொடுத்தவர், ஒரே இலையில் இரண்டு பேர் பங்கையும் சேர்த்துக் கட்டியிருந்தார்.

முதல் பஸ்ஸில் போய் இறங்கினோம். பஸ் போனதும் சத்தமே இல்லை. எனக்குத் தறிச் சத்தம் இல்லாத இடத்தில் நின்று பழக்கமில்லை. காது அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. கட்டத்தாளை விரித்து அவர் முன்னால் நடந்தார், நான் பின்னால். கூட நடக்க இரண்டு பேருக்கும் கூச்சம். கண்மாய்க் கரை சொன்ன இடத்தில் இருந்தது. பனைமரம் சொன்ன இடத்தில் இருந்தது. கரிசலில் கொத்துமல்லி பூத்துக் கிடந்தது. கட்டத்தாளில் நேர்கோடாகப் போட்டிருந்த வழியெல்லாம் யாரோ விதைத்த காடு. இரண்டு பேரும் வரப்பைப் பிடித்துச் சுற்றிப் போனோம். அவர் முகம் வாடிவிட்டது. சேலைக் கரையில் ஒரு பூவைத் தப்பாகப் போட்டுவிட்டால் அந்த முகம்தான் வரும்.

அடுத்தது ஒரு மேட்டுத் தரை. மழை அரித்த இடங்களில் பெரிய பெரிய பானைகளின் விளிம்பு மட்டும் வட்டம் வட்டமாகத் தெரிந்தது. செத்தவர்களை வைத்துப் புதைத்த தாழிகள். நம் கணக்குக்கு எட்டாத காலத்து ஆட்கள். எனக்குப் பயமாக இல்லை. எங்கள் வீட்டுக் கஞ்சிப் பானை அளவுக்கு ஒன்றும், அதைவிடப் பெரிதாக ஒன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. "புருசன் பொண்டாட்டியா இருக்கும்" என்றேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "இருக்கும்" என்றார். ஒரு மணி நேரத்தில் நாங்கள் பேசியது அவ்வளவுதான். மாமன் மகளைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன். பிறகு குனிந்து நடக்க ஆரம்பித்தேன். அடுத்த இடத்தில் கேட்டுக்கொள்ளலாம், அங்கே யாரும் இருக்க மாட்டார்கள் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அடுத்த இடம்தான் முக்கியமான இடம். ஆள் உயரக் கல். வாளோடு ஒரு ஆணும், பக்கத்தில் கையைத் தூக்கியபடி ஒரு பெண்ணும் செதுக்கியிருப்பதாகக் கேள்வி. கட்டத்தாளில் அதற்கு மட்டும் அவர் மூன்று வர்ணம் அடித்திருந்தார்.

முள் நிறைந்த உடைமரங்களைத் தாண்டி வெளியே வந்தால் இரண்டு கூண்டுவண்டி, நாலு அடுப்பு, முப்பது நாற்பது பேர். பொங்கல் பொங்கிக்கொண்டிருந்தது. கல்லுக்குச் சந்தனம் பூசி, வேட்டி கட்டி, மாலை போட்டிருந்தார்கள். சம்சாரிகளுக்கு அது கல் இல்லை, குலசாமி. அமாவாசைக்கு அமாவாசை உச்சிப்பொழுதில் அங்கே படையல் உண்டு. டீக்கடையில் வழி கேட்ட இவர், எந்த நாளில் அங்கே கூட்டம் கூடும் என்று கேட்கவில்லை. எங்களுக்கு லீவு நாள், அவர்களுக்குக் கும்பிடுகிற நாள்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மூன்று மாதம் பொத்திப் பொத்தி வைத்த தனிமை இப்படியா போக வேண்டும்? "திரும்பிப் போயிருவோம்" என்று அவர் காதோரம் சொன்னேன். அதற்குள் பொங்கலைக் கிண்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் எங்களைப் பார்த்துவிட்டார். அந்தக் காட்டுக்காரர் வீட்டு அம்மாள். நல்ல உயரம், குரல் அதைவிட உயரம்.

"யாரு பெத்த புள்ளைக? எந்தூரு?"

"அருப்புக்கோட்டை" என்றார் இவர்.

"தறிகாரவுகளா? வாங்க, வாங்க. புள்ள வரம் கேட்டு வந்தீகளாக்கும்?"

"இல்ல. கல்லப் பாக்க வந்தோம்" என்றேன், வெடுக்கென்று.

"கல்லுன்னு சொல்லாத தாயி. பட்டவன்னு சொல்லு. சண்டையில விழுந்த சாமி, பக்கத்துல அவுக வீட்டம்மா." அவர் எங்கள் இரண்டு பேர் கையையும் பிடித்துக் கல்லுக்கு முன்னால் நிறுத்தினார். ஆளுக்கொரு எண்ணெய்க் கிண்ணம் கொடுத்தார். "சோடியா வந்தா இங்க ஒரு முறை இருக்கு. புருசன் பொண்டாட்டி பேரச் சொல்லி அந்தம்மாவுக்கு எண்ணெ ஊத்தணும். பொண்டாட்டி புருசன் பேரச் சொல்லி அய்யாவுக்கு ஊத்தணும். வாய்க்குள்ள முனங்கக் கூடாது. சாமிக்குக் கேக்கணும்."

இவருக்கு வராது என்று எனக்குத் தெரியும். இத்தனை பேர் முன்னால், முதல் தடவையாக, அதுவும் வேறு பெயர் பழகிய வாயில் என் பெயர் எப்படி வரும்? தடுமாறினால்கூடப் பரவாயில்லை, வேறு ஏதாவது வந்துவிட்டால் அப்படியே பஸ் ஏறி என் அம்மா வீட்டுக்குப் போய்விடுவது என்று அந்த ஒரு நொடியில் முடிவே செய்துவிட்டேன்.

அவர் சொன்னார். தடுமாறவில்லை. யோசிக்கவில்லை. காலங்காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிற ஒன்றை இன்னொரு தடவை சொல்கிறவர் மாதிரி, சத்தமாக, முழுசாக என் பெயரைச் சொல்லி எண்ணெயை ஊற்றினார். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அது வெறும் எழுத்தாகத்தான் இருக்கும்.

"இப்ப நீ சொல்லு" என்றார் அந்த அம்மாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு வருடமாக ஒருத்தர் மேல் ஒரே குறையைச் சொல்லிக்கொண்டிருந்தேனே, நான் அவர் பெயரை என்றைக்குச் சொன்னேன்? மனசுக்குள்கூடச் சொன்னதில்லை. சொல்லிப் பார்த்தேன். நாக்கு எழும்பவில்லை. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். கண்ணில் நீர் முட்டியது. இவர் என்னைப் பார்த்துவிட்டு, "கடனா இருக்கட்டும் சாமி. அப்புறம் சொல்லுவா" என்று என் கையைப் பிடித்துக் கிண்ணத்தைச் சாய்த்துவிட்டார். கல்யாண மேடைக்குப் பிறகு அத்தனை பேர் முன்னால் அவர் என் கையைத் தொட்டதும் அதுதான் முதல் தடவை.

பொங்கலும் மொச்சைக் குழம்பும் போட்டு, சாப்பிட வைத்துத்தான் விட்டார்கள். எங்கள் புளிச்சோற்றை அவர்கள் பங்கு போட்டுச் சாப்பிட்டார்கள். கிளம்பும்போது அந்த அம்மாள், "இந்த வெயில்ல எங்க நடக்குறீக? வண்டி ரோட்டுக்குத்தான் போகுது. ஏறிக்கங்க. வந்த வழியிலயே கொண்டுபோயி எறக்கி விட்டுரும்" என்றார்.

இவர் என்னைப் பார்த்தார். முடிவு என்னுடையது என்று நின்றார்.

"வந்த வழி வேண்டாம்மா. நாங்க சுத்தித்தான் போறோம்" என்றேன்.

மிச்சம் மூன்று மைல். இப்போது நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் நடந்தோம். பொத்தைக்கு ஏறுகிற சரிவில் என் காலில் உடைமுள் ஏறியது. செருப்பில்லாத கால், பெருக்கிய தெருவில் பழகிய கால். அங்கே இரண்டு பெரிய பாறைகள் ஒன்றோடொன்று சாய்ந்து, நடுவில் நாலு பேர் உட்காருகிற நிழலை வைத்திருந்தன. என்னை அங்கே உட்கார வைத்துக் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். நான் இழுத்துக்கொள்ளப் பார்த்தேன், விடவில்லை. என் தாலியில் கிடந்த ஊக்கை வாங்கி, முள்ளைச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பினார். அறுந்த இழையைத் தேடிப் பிடிக்கிற விரல்கள். வலிக்கவே இல்லை.

குனிந்த தலையைப் பார்த்துக் கேட்டேன். "எப்படி அவ்வளவு சுளுவா வந்துச்சு?"

"என்னது?"

"என் பேரு. ஒரு நாளும் சொன்னதில்லையே. மாமன் மக பேருதான் அந்த வாயில வரும்னு ஊரே சொல்லுது."

அவர் ஊக்கை எடுத்துவிட்டு நிமிர்ந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். காதெல்லாம் சிவந்துபோய் இருந்தது. "ஊருக்கு என்ன தெரியும்? தறியில உக்காந்தா நாளு பூரா சொல்லிக்கிட்டேதான் இருக்கேன். நாடா அந்தப் பக்கம் போறப்ப ஒரு தடவ, இந்தப் பக்கம் வாரப்ப ஒரு தடவ. அந்தச் சத்தத்துல யாருக்குக் கேக்கும்?"

நான் தினமும் பத்தடி தள்ளி ராட்டை சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கும் கேட்கவில்லை. சந்தோஷத்தில் எனக்கு அழத்தான் தெரிந்தது. பாறை நிழலில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். அவர் பயந்துபோய் முள் இன்னும் உள்ளே இருக்கிறதா என்று திரும்பத் திரும்பக் காலைப் பார்த்தார்.

பொத்தையைச் சுற்றி, ஓடையில் இறங்கி, ஏறி, காலையில் பஸ்ஸை விட்டு இறங்கின அதே இடத்துக்கு வேறு பக்கமாக வந்து சேர்ந்தோம். கட்டத்தாளில் அவர் போட்ட கோடு பாதி இடத்தில் தரையோடு ஒத்துப்போகவில்லை. ஆனால் வட்டம் முடிந்திருந்தது. பஸ்ஸில் ஏறியதும் அவர் ஆண்கள் பக்கமும் நான் பெண்கள் பக்கமுமாகப் போய் உட்கார்ந்தோம்.

மறுநாள் மாமனார் நூல் வாங்க டவுனுக்குள் போயிருந்தார். ஒரு தறிதான் ஓடியது. அத்தை வாசல் பக்கம் உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நான் ராட்டையில் இருந்தேன். பட்டவனுக்குக் கொடுக்க வேண்டிய கடன் நெஞ்சிலேயே நின்றது. இந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்கப்போகிறது என்று மெதுவாக அவர் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாக. அதுவும் கேட்கவில்லை. வெட்கத்தை விட்டு, வாயைத் திறந்து, முழுச் சத்தத்தில் மூன்றாவது தடவை சொன்னேன்.

அந்த நேரம் பார்த்துத் தார் தீர்ந்து தறி நின்றது.

வீடு முழுக்க அவர் பெயர் கேட்டது. அத்தையின் முறம் நின்றுவிட்டது. நான் ராட்டைப் பிடியைப் பிடித்தபடி, தரை பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று உட்கார்ந்திருந்தேன்.

பிறகு தறிக் குழிக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது. அம்மா கேட்கட்டும், தெரு கேட்கட்டும் என்கிற குரல். "இந்தா, கேட்டுருச்சு. தாரு தீந்துபோச்சு, எடுத்துட்டு வா" என்றார். அதற்கு முன்னால் என் பெயரைச் சொல்லித்தான் ஆரம்பித்தார்.

அத்தை மறுபடி அரிசி புடைக்க ஆரம்பித்தார். நான் கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.